எது முதலில் நடந்தது

"நீ சொன்னா அப்படியே நடக்கும்னா, அப்பாவுக்குக் கையி நல்லாயிரும்னு சொல்லேம்மா. ஏன் சொல்ல மாட்டீங்கற?"

நாமக்கல் அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில், இட்லிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கனிஷ்கா தன் அம்மாவிடம் இப்படிக் கேட்டாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. அவள் கேள்வியில் கேலி இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. கடையில்தான் மிட்டாய் இருக்கிறதே, ஏன் வாங்கித் தரக்கூடாது என்று கேட்கிற அதே குரல்.

பிரபா பிள்ளையின் வாயோரம் ஒட்டியிருந்த சட்னியைத் துடைத்துவிட்டாள்.

உள்ளே வார்டில் அவள் கணவன் கதிர்வேல் படுத்திருந்தான். வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி தலையணை மேல் கிடந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. பேச்சு குழறியது. அவனைக் கொண்டுவந்து சேர்த்த மறுநாளிலிருந்து பிரபா யாரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டாள். நர்ஸ் கேட்டால் தலையை ஆட்டுவாள். கணவனுக்குக் கஞ்சி ஊட்டும்போதும் வாய் திறப்பதில்லை. தன் நாக்கைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு சிறிய முட்டைக்கோழிப் பண்ணை இருந்தது. ஊர் மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குப் பூச்சாட்டிக் கம்பம் நட்டிருந்த சமயம். கதிர்வேல் தீ மிதித்துக் குண்டம் இறங்குவதாக நேர்ந்துகொண்டு காப்புக் கட்டியிருந்தான். ஒரு வேளைச் சாப்பாடு, வெறும் தரையில் படுக்கை. அப்படி ஒருநாள் மத்தியானம், முட்டை அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஷெட்டிலிருந்து எடுத்துவந்தவன், வாசலில் அத்தனையையும் நழுவவிட்டான். மஞ்சள் கரு சிமெண்ட் தரையில் ஓடியது. முட்டை ஏற்ற வந்த வண்டி வெளியே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை செய்திருந்த பிரபாவுக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ.

"கையென்ன வெளங்காமயா போச்சு? இந்தக் கையி இருந்தா என்ன, போனா என்ன!"

கதிர்வேல் வலது கையை உதறி உதறிப் பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் துடைப்பத்தை எடுத்து அவனே வாசலைக் கழுவிவிட்டான். மறுநாள் காலையில், கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காகப் பண்ணை வாசலில் குடத்தைத் தூக்கியவன், குடத்தோடு சாய்ந்தான். அதே வலது கை.

பண்ணை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. முனி அடித்துவிட்டது என்றார் ஒருவர். புறா ரத்தத்தைச் சூடு ஆறுவதற்குள் கைகாலில் தேய்த்தால் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். புறா யார் வீட்டில் இருக்கிறது என்று பேச்சு ஓடியது. அதே ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த கதிர்வேலின் அக்கா பழனியம்மாள், தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அட ஓடுங்களேன், பாத்துட்டே நிக்கறீங்களே!" என்று புறாவுக்கு ஆளை விரட்டினாள்.

அப்போதுதான் குப்பாயி கத்தினாள்.

குப்பாயி பண்ணையில் கூண்டு சுத்தம் செய்கிறவள். எப்போதும் துண்டால் வாயைக் கட்டியிருப்பாள். நாற்றத்துக்காக என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஊர்க்காரர்களுக்கு வேறு காரணம் தெரியும். அவளுக்குக் கருநாக்கு, அவள் வாயில் வந்தது பலித்துவிடும் என்பது ஊர்ப் பேச்சு. அவள் சாபத்தால்தான் அவள் புருஷன் சின்னண்ணன் கை கால் விழுந்து கிடந்து செத்தான் என்பார்கள். அவளும் அதை மறுத்ததில்லை. பேச்சைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவளாக ஆகியிருந்தாள்.

அன்றைக்கு அவள் துண்டை இழுத்து எறிந்தாள்.

"பொறாவும் வேண்டாம், ஒரு மசுரும் வேண்டாம்! என்ற ஊட்டுக்காரருக்குப் பூசிப் பூசித்தான் ஒரு பொழுது பூராப் போச்சு! பெரிய ஆசுபத்திரிக்குத் தூக்குங்க சாமி, இப்பவே தூக்குங்க!"

அத்தனை வருடமாகக் கேட்காத குரல். எல்லோரும் ஒரு கணம் வாயடைத்து நின்றார்கள். அந்தக் கணம் போதுமாக இருந்தது. முட்டை வண்டி ஓட்டும் தனசேகர் பாதி ஏற்றின அட்டைகளைத் தரையில் இறக்கிவிட்டுக் கதிர்வேலை வண்டியில் கிடத்தினான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு உயிருக்குப் பயமில்லை என்று சொன்ன பிறகு, பிரபா நாத்தனாரின் தோளில் சாய்ந்து அழுதாள். முதல் நாள் தான் சொன்னதையும் சொல்லிவிட்டாள். பழனியம்மாள் கெட்டவள் இல்லை. தம்பி மகளுக்கு மூன்று வேளையும் சோறு பார்த்துக்கொண்டவள் அவள்தான். ஆனாலும் பயந்த மனசு சும்மா இருக்காது.

"நேத்துச் சொன்ன, இன்னிக்கு நடந்திருச்சு. ஊருக்கு ஒரு கருநாக்கு போதாதா? நம்மூட்டுலயும் ஒண்ணா?"

கனிஷ்கா பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அன்றிலிருந்து பிரபா ஒரு முடிவோடு இருந்தாள். அவர் எழுந்து நடமாடும்வரை இருப்பது. பிறகு அவரையும் பிள்ளையையும் நாத்தனார் கையில் ஒப்படைத்துவிட்டுக் குமாரபாளையத்துக்கு, அப்பா வீட்டுக்குப் போய்விடுவது. அங்கே தறி ஓட்டலாம். தறிச் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. தன் பிள்ளையைப் பார்த்துக் கோபத்தில் ஒருநாள் என்ன சொல்லிவிடுவோமோ என்று பயந்து பயந்து வாழ்வதைவிட அது மேல்.

பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்ட அன்று முற்பகல், டாக்டர் கிருத்திகா வார்டுக்கு வந்தார். வயது குறைவு. ஆனால் அவசரப்படாதவர். கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இவருக்கு ஏற்கெனவே பிரஷர் இருக்குல்ல? மாத்திரை ஒழுங்காப் போட்டுட்டிருந்தாரா?"

பிரபா தலையாட்டினாள்.

"தலையாட்டினா போதாதும்மா. வாயால சொல்லுங்க. நான் எழுதணும்."

"அவ பேச மாட்டாளுங்க" என்றாள் பழனியம்மாள். "பேசுனதே போதும்னு இருக்கறா."

டாக்டர் நிமிர்ந்து இருவரையும் பார்த்தார். அப்புறம் பிரபாவிடம் மட்டும் கேட்டார். "இதுக்கு முந்தி ஒரு நாலஞ்சு நாளுல, கை மரத்துப் போறது, பேச்சு குழறுறது, பிடிச்ச பொருள் நழுவுறது, இப்படி ஏதாவது நடந்துச்சா? ஞாபகப்படுத்திச் சொல்லுங்க."

பிரபா அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. "முட்டை அட்டைய நழுவ உட்டாருங்க. நாந்தானுங்க திட்டுனேன். இந்தக் கையி போனா என்னன்னு சொல்லிப் போட்டனுங்க. விடிஞ்சா கையி போயிருச்சுங்க. என்னாலதானுங்க..."

"இருங்க, இருங்க. எது முதல்ல நடந்துச்சு?"

"என்னதுங்க?"

"அட்டை விழுந்தது முதல்லயா, நீங்க திட்டினது முதல்லயா?"

பிரபா விழித்தாள். இது என்ன கேள்வி? "அட்டை உழுந்ததுனாலதானுங்களே திட்டுனேன்."

"அப்ப நீங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே கை விட்டுப்போச்சு."

பிரபா டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூளைக்கு ரத்தம் போற குழாய் அன்னைக்கு மத்தியானமே கொஞ்ச நேரம் அடைச்சிருக்கு. கை மரத்திருக்கு. அப்புறம் அடைப்பு தானா விலகிக் கையும் சரியாயிருக்கு. மறுநாள் திரும்ப அடைச்சது, விலகல. முதல்ல வந்தது எச்சரிக்கை. அது யாருக்கும் தெரியல, அவ்வளவுதான். உங்க வார்த்தைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

பழனியம்மாள் நெருங்கி வந்தாள். "கொழாயி அடைக்கறதுன்னா எப்பிடீங்க டாக்டரம்மா? எங்க குச்சிக்கெழங்குக் காட்டுல சொட்டுநீருக் கொழாயில உப்புக் கட்டி அடைச்சுக்குமே, அப்பறம் அதுக்கு அந்தாண்ட இருக்கற செடி மட்டும் வாடிப் போகுமே, அப்பிடிங்களா?"

"அதேதான். கையை அசைக்கிற இடத்துக்குத் தண்ணி போகலைன்னு வச்சுக்குங்க. பிரஷர் ஏறி ஏறிக் குழாய் கெட்டுப்போகும். சர்க்கரை, புகை, குடி, ரத்தத்துல கொழுப்பு, சிலருக்கு இதயத் துடிப்புல கோளாறு. காரணம் இப்படி எத்தனையோ இருக்கு. திட்டு அதுல கிடையாது."

"அட, பிரசரு எனக்குந்தான் இருக்குது. நான் உழலையே?"

"மாத்திரை போடறீங்களா?"

"போடறனே! கண்டிசனாப் போடறனே!"

"அதான் நின்னு என்கிட்ட நியாயம் பேசிட்டிருக்கீங்க."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரித்துவிட்டார். பழனியம்மாளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் சீட்டைப் புரட்டிப் புருவத்தைச் சுருக்கினார். "ஆனா ஒண்ணு இடிக்குது. தினமும் மாத்திரை போட்டவருக்கு, கொண்டுவந்தப்ப பிரஷர் இவ்வளவு இருக்கக் கூடாதே."

"தெனமும் நாந்தானுங்க எடுத்துக் குடுப்பேன்" என்றாள் பிரபா.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கதிர்வேல் இடது கையை உயர்த்தியிருந்தான். கண்ணோரத்தில் நீர் வழிந்தது. வாயைக் கோணிக் கோணி, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தான்.

"போ... போடல. காப்பு... கட்டுன நாள்ல இருந்து... போடல."

எல்லோரும் அவன் மேல் குனிந்தார்கள். மெதுவாக, விட்டுவிட்டு, விஷயம் வெளியே வந்தது. மாத்திரை மேலே மூடியிருக்கிற உறை மாட்டு எலும்பில் செய்வது என்று டீக்கடையில் யாரோ சொன்னார்களாம். கோழிப்பண்ணையில் இருந்துகொண்டே முட்டையைக்கூட வாயில் வைக்காமல் விரதம் இருக்கிறவன், அம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டு அதை எப்படி விழுங்குவான்? பிரபா கொடுத்ததை வாங்கி, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் தாழ்வாரத்துச் செம்பருத்திச் செடிக்குள் போட்டிருக்கிறான். சொன்னால் திட்டுவாள் என்று சொல்லவில்லை. இத்தனை நாளும் அவள் தன்னால்தான் என்று குமைவதைப் பார்த்தும், நாக்கு ஒத்துழைக்காததோடு வெட்கமும் சேர்ந்து அவனைப் பேசவிடவில்லை.

"இது கேப்சூலே இல்லைங்க" என்றார் டாக்டர். "மாவா இடிச்சு இறுக்கின வெறும் மாத்திரை. சந்தேகம் வந்தா எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"செம்பருத்திக்கா போட்டீங்க!" பிரபாவின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "செம்பருத்திக்கா பிரசரு வந்திருக்குது? ஏனுங்க, உங்களுக்குக் கொஞ்சமாச்சும்..." என்று ஆரம்பித்தவள், திடுக்கிட்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கையை எடுங்கம்மா" என்றார் டாக்டர், எழுந்துகொண்டே. "திட்டுங்க. இந்த ஒரு தடவை நல்லாத் திட்டுங்க. நானே சொல்றேன்."

கதிர்வேலின் கோணின வாயில் சிரிப்பு வந்தது. அது அழுகை மாதிரிதான் இருந்தது. பிரபா அவன் கால்மாட்டில் உட்கார்ந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். பழனியம்மாள் வந்து பிரபாவின் தலையில் கை வைத்தாள். "நான் சொன்னத மனசுல வச்சுக்காத அம்மிணி. பயத்துல சொல்லிப் போட்டேன்" என்றாள். வராந்தாவிலிருந்து ஓடிவந்த கனிஷ்கா, அம்மா பேசுகிறாள் என்பதைப் பார்த்ததும் அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் கதவருகே போனபோது பிரபா பின்னாலேயே ஓடினாள்.

"இன்னொண்ணுங்க டாக்டரம்மா. எங்க பண்ணையில ஒரு அக்கா. அவங்கதான் ஆசுபத்திரிக்குத் தூக்கச் சொல்லிக் கத்துனது. அவங்க ஊட்டுக்காரரும் இப்பிடித்தான் போனாரு. அவங்க திட்டுனதாலன்னு..."

"சீக்கிரம் கொண்டுவந்ததாலதான் அந்த ஊசியே போட முடிஞ்சது. நேரம் தாண்டியிருந்தா அதுல பிரயோசனம் இல்லை. அந்தம்மாவுக்கு உங்க குடும்பம் கடமைப்பட்டிருக்கு." டாக்டர் ஒரு கணம் யோசித்தார். "அவங்க கணவரை நான் பார்க்கல. எதனால வந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா ஒருத்தர் சொல்லால இன்னொருத்தருக்கு இது வராது. அதை உறுதியாச் சொல்லுவேன்."

கதிர்வேல் வீடு திரும்பியபோது திருவிழா முடிந்து கம்பத்தைப் பிடுங்கியிருந்தார்கள். அவன் மணிக்கட்டில் காப்பு மட்டும் அவிழாமல் இருந்தது. கோயில் பூசாரி மாரியப்பன் வீட்டுக்கே வந்து அவிழ்த்துவிட்டார். குண்டம் இறங்காமல் போனதற்கும், வாக்குத் தவறியதற்கும் கதிர்வேல் குழறிக் குழறி மன்னிப்புக் கேட்டான்.

"ஆத்தாகிட்ட வேப்பல எதுக்கு இருக்குது சாமி?" என்றார் பூசாரி. "அதும் மருந்துதானே. மருந்தே தொடாதடான்னு அவ எப்பச் சொன்னா? போ, மாத்தரையப் போட்டுட்டு வந்து அடுத்த வருசம் எறங்கு."

கை மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி பந்தைப் பிடிப்பதும் விடுவதுமாகத் தினமும் பயிற்சி. கனிஷ்கா எதிரே உட்கார்ந்து, "கட்டை வெரல் சும்மா இருக்குது பாருங்கப்பா" என்று அதட்டுவாள். மாத்திரையை அவன் விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். அது பிரபா போட்ட சட்டம். பிரபா திட்டினாள், சிரித்தாள், வண்டிக்காரன் தனசேகரோடு விலை பேசிச் சண்டை போட்டாள். குமாரபாளையத்தைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அந்த நினைப்பு இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

ஆனால் ஷெட்டுக்குள் போகும்போதெல்லாம், வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு கூண்டுக்கடியில் குனிந்திருக்கும் முதுகு கண்ணில் பட்டது. ஊர் மறுபடியும் தன் பேச்சுக்குத் திரும்பியிருந்தது. கருநாக்குக்காரி அன்றைக்குக் கத்தியதால்தான் கை முழுசாக வரவில்லை என்றுகூட ஒருத்தர் சொன்னார். உயிரையும் கையையும் காப்பாற்றிக் கொடுத்தவளுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தால் தீருமா? அவளுக்குச் சேர வேண்டியது வேறொன்று என்று பிரபாவுக்குத் தோன்றியது. அதைப் பத்துப் பேர் நடுவில் கொடுக்க முடியாது. கொடுத்தால் அது குப்பாயியைப் பற்றிய பேச்சாகிவிடும். அவளுக்கு உரியதாக இருக்காது.

குப்பாயிக்குப் பண்ணை வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடும். அவள் தெருவே நூறு நாள் வேலைக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில், பிரபா வரப்பு வழியாக ஏரிக்கரையில் இருந்த அந்த ஓட்டு வீட்டுக்குப் போனாள். அதுவரை ஒருநாளும் அங்கே போனதில்லை.

குப்பாயி பதறி எழுந்தாள். "என்னங்க அம்மிணி, இந்த வெயில்ல? ஆள உட்டிருந்தா நானே வந்திருப்பனே."

"நாந்தாங்க்கா வரோணும்."

அவள் விரித்த சாக்கில் உட்காராமல், பிரபா அவளுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னதை முதலிலிருந்து சொன்னாள். அட்டை விழுந்தது, குழாய் அடைத்தது, எல்லாம். குப்பாயி தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"உங்களுக்கு அப்பிடிங்க அம்மிணி. எனக்கு வேற. குடிச்சிட்டு வந்தவர நான் வாய் நெறையச் சொன்னேன். எந்திரிக்காமயே கெடந்து தொலைன்னேன். விடிஞ்சு பாத்தா எந்திரிக்கல. கடைசிவரைக்கும் எந்திரிக்கல."

"எப்பச் சொன்னீங்க்கா?"

"ராத்திரி."

"அதுக்கு முந்தி? அன்னிக்குப் பகல்ல அவரு எப்பிடி இருந்தாரு?"

"எப்பிடி இருந்தாரு, எப்பவும் போலத்தான்" என்று ஆரம்பித்த குப்பாயி நிறுத்தினாள். ஏரிப்பக்கம் ஒரு கொக்கு கத்திவிட்டு ஓய்ந்தது.

"செருப்பு" என்றாள் மெல்ல. "ஒத்தைக் காலுச் செருப்பு கழண்டு கழண்டு உழுந்துச்சு. காலுல நிக்கவே மாட்டீன்னுச்சு. போதைன்னு நெனச்சேன். ஆனா அம்மிணி, மத்தியானம் காட்டுக்குச் சோறு கொண்டுபோனப்பவே அப்பிடித்தான் இருந்துச்சு. தொட்டித் தண்ணியில கால் கழுவிட்டு வந்தாரு, ஒத்தைச் செருப்பு அங்கயே கெடக்குது, அவருக்குத் தெரியவே இல்ல. நாந்தான் எடுத்துட்டு வந்து போட்டேன். அப்பக் குடிச்சிருக்கலையே..."

பிரபா அந்தக் கடைசி அடியைக் குப்பாயியே எடுத்து வைக்க வேண்டும் என்று காத்திருந்தாள்.

"அப்ப அந்தக் காலு மத்தியானமே போயிருச்சு." குப்பாயி தன் கைகளை விரித்துப் பார்த்தாள். "நான் சொன்னது ராத்திரியில்ல?"

"ஆமாங்க்கா. ராத்திரி."

குப்பாயி அழவில்லை. எழுந்துபோய்ப் பாலில்லாத வரக்காப்பி வைத்தாள். வைக்கும்போதே பேச ஆரம்பித்தாள். சின்னண்ணனுக்குக் காப்பியில் கருப்பட்டி தூக்கலாக இருக்க வேண்டும் என்றாள். பாட்டுப் பாடத் தெரியாது, ஆனால் பாடுவான் என்றாள். கல்யாணமான புதிதில் தாரமங்கலத் தேருக்குக் கூட்டிப்போய்க் கூட்டத்தில் அவளைத் தொலைத்துவிட்டு, தேரை விட்டுவிட்டு அவளையே தேடினான் என்றாள். புருஷனின் பெயரை எடுக்கவே தனக்கு உரிமை இல்லை என்று இருந்தவள், சொல்லிச் சிரித்து, மறுபடி சொன்னாள். பிரபா இரண்டு முறை காப்பி வாங்கிக் குடித்தாள்.

தூரத்தில் வேலைக்குப் போனவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. பிரபா அவர்கள் கண்ணில் படாமல் கொல்லைப்பக்கமாக இறங்கினாள். முந்தின நாள் பாய்ச்சின தண்ணீரில் வரப்பு ஊறிக் கிடந்தது.

இத்தனை வருடமாகக் குப்பாயி யாரையும் "பார்த்துப் போ" என்று சொல்லி அனுப்பியதில்லை. சொல்லி, அவர் தடுக்கி விழுந்துவிட்டால் என்ன ஆவது?

"அம்மிணி, பாத்துப் போங்க!" வாசற்படியிலிருந்து அவள் குரல் கணீரென்று வந்தது. "வரப்பு வழுக்கும்!"

"சேரீங்க்கா!" என்று திரும்பாமலே குரல் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பிரபா ஈர வரப்பில் கால்விரலை ஊன்றி ஊன்றி நடந்து போனாள்.